காலை பத்து மணிக்கு வீட்டில் யார்?

குழந்தையை வீட்டிலேயே படிக்க வைக்கப் போகிறோம், வந்து பாருங்கள் என்று யாராவது கூப்பிட்டால், காலை ஒன்பதரைக்குள் அவர்கள் வீட்டில் இருப்பேன். சாயங்காலம் வரச் சொன்னால் ஒத்துக்கொள்வதில்லை. சாயங்காலத்தில் எல்லா வீடும் ஒன்று போலத்தான் இருக்கும். அப்பா வந்திருப்பார், காபி வரும், புதிதாக வாங்கி அடுக்கிய புத்தகங்களைக் காட்டுவார்கள், குழந்தை ஒரு குறள் ஒப்பிக்கும். காலை பத்து மணிக்குத்தான் உண்மை தெரியும். யார் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள், வீட்டில் மிச்சம் யார், டி.வி. ஓடுகிறதா, பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார், அந்த நேரத்தில் குழந்தை யார் பின்னால் சுற்றிக்கொண்டிருக்கிறது? இவ்வளவையும் பார்த்த பிறகுதான் எந்த முறையில் சொல்லித் தருவது என்ற பேச்சை எடுப்பேன்.

கோவை மாவட்டத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 31 வருஷம் வேலை பார்த்து, 2013-இல் ஓய்வு பெற்றவள் நான். அதற்குப் பிறகு வீட்டுக் கல்விக் குடும்பங்களோடு பழகிக்கொண்டிருக்கிறேன். சில வீடுகளில் வாரம் ஒரு நாள் பாடம் சொல்கிறேன். பல வீடுகளில் பெற்றோருக்கு வழி மட்டும் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்திலேயே வாழ்ந்தவள் பள்ளிக்கு வெளியே வந்ததற்குக் காரணம் என் மகள் வயிற்றுப் பேரன். அப்போது அவனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. தனியார் பள்ளி. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி என்பான். பிறகு செவ்வாயும் வலித்தது. டாக்டர் வயிற்றில் ஒன்றும் இல்லை என்றார். இடது கையால் எழுதுகிறான் என்று வகுப்பில் அடி வாங்கிக்கொண்டிருந்தது எங்களுக்குப் பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆசிரியை வீட்டுப் பிள்ளைக்கே அப்படி. டி.சி. வாங்கி வந்தோம்.

அதன்பின் நான் செய்தது பெரிய தவறு. ஹால் சுவரில் கால அட்டவணை ஒட்டினேன். ஒன்பதரைக்குத் தமிழ், பத்தேகாலுக்குக் கணக்கு, பதினோரு மணிக்கு இடைவேளை. எதிரில் உட்கார வைத்து மூன்றாம் வகுப்புப் பாடத்தை முதலிலிருந்து ஆரம்பித்தேன். முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்வதை ஒற்றைப் பிள்ளையிடம் செய்தேன். வகுப்பில் ஒரு பிள்ளை ஜன்னலைப் பார்த்தால் இன்னொன்றிடம் கேள்வி கேட்கலாம். இங்கே அவன் கண்ணை எடுக்க இடமே இல்லை. ஆறாவது வாரம், “அம்மிச்சி, என்னைப் பழையபடி ஸ்கூலுக்கே அனுப்பிச்சிருங்க, அங்க பின்னாடி பெஞ்சிலயாவது உட்காந்துக்குவேன்” என்றான். அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

அட்டவணையைக் கிழித்தேன். வீட்டுக் கல்விக் குடும்பங்களிடையே ஒரு கணக்கு உண்டு. பள்ளியில் இருந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதம் பாடம் எதுவும் வேண்டாம், குழந்தையை விட்டுவிடுங்கள் என்பார்கள். யாரோ அளந்து சொன்ன கணக்கு அல்ல, அனுபவத்தில் வந்தது. பேரனுக்கு நான் நான்கு மாதம் விட்டேன். அந்த நான்கு மாதமும் ஒரு நாற்பது பக்க நோட்டில், அவன் என்ன செய்கிறான், எதற்கு எவ்வளவு நேரம் உட்கார்கிறான் என்று எழுதி வந்தேன். மகள் வேலைக்குப் போனாள், மருமகன் வாரக்கடைசியில்தான் வருவார். வீட்டில் நானும் அவனும்தான். அவன் அதிக நேரம் உட்கார்ந்தது மொட்டைமாடித் தொட்டிச் செடிகளுக்குப் பக்கத்தில். வெண்டைப்பூ எத்தனை மணிக்கு விரிகிறது, எப்போது வாடுகிறது என்று தொடர்ந்து ஒன்பது நாள் பார்த்திருக்கிறான். அதை எழுதி வைக்க வேண்டும் என்று அவனுக்கே தோன்றியது. இடது கையால் எழுதினான்.

பிள்ளை தன் வேகத்தில் தானே கற்கும் என்பதை நான் முன்பே புரிந்துகொண்டிருக்க வேண்டும். எங்கள் பள்ளியிலேயே அதற்கு வழி வந்திருந்தது. ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கென்று உருவான அட்டை முறையைப் பார்த்து, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார்கள். 2007-08-இல் மாநிலம் முழுக்க, ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரை வந்தது. பாடத்தைச் சிறுசிறு படிகளாக உடைத்து ஓர் ஏணியாக்கி, ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை. பிள்ளை தன் படியைத் தானே பார்த்து, தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய்ப் பாயில் உட்காரும். கரும்பலகை பிள்ளையின் உயரத்துக்குக் கீழே இறங்கியது. ஒரே வகுப்பில் பத்துப் பிள்ளை பத்துப் படியில் நிற்பதை நான் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அட்டைகள் கிழிந்தன, மாற்று வர நாளாயிற்று, ஆசிரியர்கள் சலித்துக்கொண்டார்கள், எல்லாம் உண்மை. ஆனாலும் என் பணிக்காலத்தில் வந்த மாற்றங்களில் பிள்ளையை நம்பியது அது ஒன்றுதான் என்று இன்றும் சொல்வேன். அதைச் செய்த கையே பேரன் விஷயத்தில் அட்டவணை ஒட்டியது. பழக்கத்தின் பலம் அவ்வளவு.

முறைகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. வருகிற பெற்றோர் பாதிப்பேர் பெயர்களோடுதான் வருகிறார்கள். மாண்டிசோரி, சார்லட் மேசன், வால்டார்ஃப், அன்ஸ்கூலிங். எது நல்லது என்று கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் எது ஆறு மாதம் நிற்கும் என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

மாண்டிசோரி அம்மையார் நம் மண்ணுக்கு அந்நியர் அல்ல. 1907-இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர், 1939-இல் சென்னை அடையாறில் பிரம்மஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அடுத்த வருஷம் இத்தாலி போரில் இறங்கியதும், இத்தாலிக்காரர் என்பதால் நினைத்த இடத்துக்குப் போக முடியாதபடி ஆயிற்று. போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு வேலை செய்தார். அவர் முறையின் உயிர், குழந்தை தன் கையால் செய்யும் வேலையில் இருக்கிறது. ஊற்றுவது, துடைப்பது, பொத்தான் போடுவது, பிறகு கையில் எண்ணிப் பார்க்கும் மணிகள், அதன் பிறகுதான் தாளில் எண். இதற்காக நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மரச்சாமான் வாங்கி வைத்த வீடுகளை எனக்குத் தெரியும். வேண்டாம் என்பேன். சொம்பிலிருந்து டம்ளருக்குச் சிந்தாமல் தண்ணீர் ஊற்றுவது அதே பயிற்சிதான். புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாக ஊசியில் கோத்து, பத்து சரத்தை ஒரு கட்டாகக் கட்டினால் ஒன்று, பத்து, நூறு மூன்றும் கையில் கிடைத்துவிடும். ஆனால் அந்த முறைக்கு வீட்டில் ஓர் ஒழுங்கு வேண்டும். எடுத்த பொருள் எடுத்த இடத்துக்குப் போக வேண்டும், குழந்தை சிந்தியதைக் குழந்தையே துடைக்கும்வரை பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அம்மாவால் நிற்க முடியாது. அது அவர் குற்றமும் இல்லை. அந்த வீட்டுக்கு அது சரிப்படாது, அவ்வளவுதான்.

சார்லட் மேசன் இங்கிலாந்துக்காரர், 1923-இல் இறந்தவர். பாடம் சின்னதாக இருக்க வேண்டும், சிறு பிள்ளைக்குக் கால் மணி, இருபது நிமிஷம் போதும் என்றார். நல்ல புத்தகத்தை ஒரே முறை வாசித்துக் காட்டி, பிள்ளையைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல வைப்பது, வெளியே கூட்டிப் போய்ப் பூச்சியையும் பறவையையும் பார்த்து வரைய வைப்பது, இந்த இரண்டும் அவர் முறையின் தூண்கள். இது பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பொருந்துவதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சிங்காநல்லூரில் ஒரு குடும்பம். அம்மாவுக்கு வங்கி வேலை, அப்பாவுக்குக் கடை. வீட்டில் இருப்பது அப்பத்தா. எழுபத்திரண்டு வயது, ஐந்தாம் வகுப்புப் படிப்பு. “எனக்கு இங்கிலீசு தெரியாது அம்மிணி, நா எப்புடிச் சொல்லித் தர்றது?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள் சொல்லித் தர வேண்டாம், பேத்தி சொல்வதைக் கேளுங்கள் என்றேன். காலையில் அம்மா கிளம்புவதற்கு முன் ஒரு பக்கம் வாசித்துக் காட்டிவிட்டுப் போவார். பெ. தூரன் பதிப்பித்த குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதியும் அந்த வீட்டுப் பரணில் இருந்தன, பழைய தகவல்களை மட்டும் நாங்கள் திருத்திக்கொண்டோம். பேத்தி பத்து மணிக்கு அதை அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டும். அப்பத்தாவுக்குப் புரியாத இடத்தில், “அது எப்புடி கண்ணு?” என்பார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பெண் படித்தாள். தெரியாதவர் உண்மையாகவே கேட்கும் கேள்வி அது. எல்லாம் தெரிந்த என்னால் அப்படிக் கேட்க முடியாது. சாயங்காலம் இருவரும் குளத்துக் கரைக்குப் போவார்கள். முக்குளிப்பானும் நாமக்கோழியும் தாழைக்கோழியும் அந்த நோட்டில் வரைந்திருக்கும், பெயர்கள் தமிழில்.

மொழியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் பாடத்திட்டத்தை முழுசாக வாங்கி, பனி பெய்யும் நாட்டுப் பறவைகளைக் கோவையில் உட்கார்ந்து படிக்கிற குழந்தைகளைப் பார்க்க எனக்கு மனசு வலிக்கிறது. ஆங்கிலம் வேண்டும், நன்றாகவே வேண்டும். ஆனால் பிள்ளை யோசித்துப் பேசப் பழகுவது வீட்டில் பேசும் மொழியில் நடக்கட்டும். வீட்டுக் கல்விக்குள்ள பெரிய லாபமே அதுதான்.

அன்ஸ்கூலிங் என்ற சொல் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியரிடமிருந்து வந்தது. பிள்ளைகள் ஏன் தோற்கிறார்கள் என்று 1964-இல் எழுதினார். பள்ளிகளைத் திருத்திவிடலாம் என்று நம்பியிருந்தவர், பிறகு அந்த நம்பிக்கை போய், 1977-இல் பள்ளிக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்காகவே ஒரு பத்திரிகை தொடங்கினார். பாடத்திட்டம் கிடையாது, பிள்ளையின் ஆர்வம் போகும் வழியே படிப்பு. என்னைக் கேட்டால் எல்லா முறையிலும் கடினமானது இது. ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு தம்பதி, இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை, ஏழு வயதுப் பையன். சுதந்திரமாக வளரட்டும் என்று ஆசைப்பட்டார்கள். நல்ல ஆசை. ஆனால் காலை பத்து மணிக்கு அம்மா ஓர் அறையில் மீட்டிங், அப்பா இன்னோர் அறையில் மீட்டிங், பையன் நடு ஹாலில் போனோடு. பிள்ளை கேட்கும்போது கூட நடக்க ஒரு பெரியவர் இல்லாத சுதந்திரம் தனிமைதான். அவர்களுக்கு நான் சொன்னது வேறு: காலை ஆறேமுக்காலிலிருந்து எட்டேமுக்கால் வரை, மீட்டிங் தொடங்குமுன், ஒரு நாள் அம்மா ஒரு நாள் அப்பா, சமச்சீர்ப் புத்தகத்தை வைத்துக்கொண்டு கணக்கும் மொழியும். அதற்குப் பிறகு அபார்ட்மெண்டில் தச்சு வேலை தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற தாத்தா வீட்டில் மதியம் வரை. அந்தத் தந்தைக்கு முதலில் ஏமாற்றம். பாடப்புத்தகமா என்றார். ஒரு வருஷம் கழித்து, அந்த இரண்டு மணி நேரத்தில்தான் என் மகனை எனக்குத் தெரிய வந்தது டீச்சர் என்று சொன்னார்.

எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் குடும்பம். கூலிக்கு நெய்கிறவர்கள். பையனுக்குப் பத்து வயது, இரண்டு பள்ளி மாறியும் எழுத்துக் கூட்டத் தெரியவில்லை. எழுத்து இடம் மாறித் தெரிகிறது என்று பிறகு மருத்துவமனையில் பரிசோதித்துச் சொன்னார்கள். அவன் அப்பா என்னிடம் சொன்னது: “படிப்பே ஏற மாட்டேங்குதுங்க டீச்சர். ஆனா தறிக்குடோன்ல நின்னான்னா கணக்கெல்லாம் டக்குனு சொல்லிப்போடறானுங்க.”

முதலில் ஒன்றைக் கறாராகப் பேசினேன். தறி ஓடும்போது பையன் உள்ளே வரக் கூடாது, ஒரு நூல் முடிச்சுகூட அவன் போடக் கூடாது. வீட்டுக் கல்வி என்று சொல்லிப் பிள்ளையை வேலைக்கு இழுக்கும் வீட்டில் நான் ஒரு நிமிஷம் உட்கார மாட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். கரண்டை நிறுத்தியிருக்கும் நேரத்தில் போய்ப் படித்தோம்.

நூல் நம்பரிலிருந்து தொடங்கினோம். 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். அப்படியானால் 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் எவ்வளவு நீளம்? 33,600 கெஜம் என்று தரையில் சாக்பீஸில் போட்டான். கிலோமீட்டருக்கு மாற்றினால் முப்பதைத் தாண்டுகிறது. அரைக் கிலோகூட இல்லாத நூலை நீட்டினால் சோமனூரிலிருந்து கோயமுத்தூர் போய்ச் சேர்ந்துவிடும். பையன் கோனைக் கையில் எடுத்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தான். 20-ஆம் நம்பர் என்றால் பாதி நீளம்தான், அப்போது நூல் தடிமன். நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது, ஏன்? எதிர்விகிதத்தை ஏழாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சூத்திரமாக மட்டும் சொல்லிக் கொடுக்கிறோம்! பிறகு லென்ஸை வைத்து ஓர் அங்குலத் துணியில் பாவு எத்தனை இழை, ஊடை எத்தனை இழை என்று எண்ணினான். எண்ணியதை எழுத வேண்டியிருந்தது. பாவு, ஊடை, நாடா, நூல். அவன் முதலில் பிழையில்லாமல் எழுதிய சொற்கள் அவை. வாசிப்புக்குத் தனியாக, எழுத்துக் குறைபாட்டுக்குப் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியையிடம் வாரம் இரண்டு நாள் அனுப்பினோம். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், தறிக்கணக்கு மட்டும் அவனை வாசிக்க வைத்துவிடவில்லை. அந்தக் குடும்பத்தின் முறைக்குப் புத்தகத்தில் பெயர் கிடையாது.

இனிச் சட்டமும் பரீட்சையும். 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்கிறது. வீட்டுக் கல்வியை அது அனுமதிக்கவும் இல்லை, தடை என்று எழுதவும் இல்லை. பெற்றோருக்குத் தண்டனையும் அந்தச் சட்டத்தில் இல்லை. இந்த நிலையைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும், மறைத்துக்கொண்டு இறங்கக் கூடாது. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: இடையில் நின்ற பிள்ளை திரும்பி வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இதைச் சொன்னதும் எத்தனையோ தாய்மார் முகத்தில் பயம் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

பரீட்சைக்கு மத்திய அரசின் தேசிய திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது, என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். பத்தாம் வகுப்புக்கு 14 வயது நிறைய வேண்டும், குறைந்தது ஐந்து பாடம். ஒரு முறை பதிந்தால் ஐந்து வருஷத்துக்குள் ஒன்பது வாய்ப்பு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் பரீட்சை வருவதால் பாடத்தைப் பிரித்துப் பிரித்து எழுதலாம். என் பேரன் இரண்டு தவணையாக எழுதினான். மாநில வழியில் தனித்தேர்வராக எழுத, எட்டாம் வகுப்புக்குப் பன்னிரண்டரை வயதும் பத்தாம் வகுப்புக்குப் பதினான்கரை வயதும் ஆகியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும், இதை மறந்து தவித்தவர்கள் உண்டு. என்.ஐ.ஓ.எஸ். வழியில் போகிறவர்கள், கணக்கு வராது, அறிவியல் வராது என்று பத்தாவதிலேயே இரண்டையும் விட்டுவிட்டால், மேல்நிலையில் அறிவியல் பிரிவு கேட்கும்போது கதவு அடைபடும். பதின்மூன்று வயதில் பிள்ளையையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

இவ்வளவு வருஷத்தில் நின்றுபோன வீடுகளையும் பார்த்தேன். முறை பிசகி நின்றது குறைவு. பெரும்பாலும் அம்மா களைத்து நின்றது. சமையல், துணி, மாமியார் வைத்தியம், அதற்கு மேல் வகுப்பறை, எல்லாம் ஒருத்தி தலையில். அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து, என்ன படித்தாய் என்று கேட்பார். ஒரு வீட்டில் அந்தப் பெண் என் முன்னாலேயே நோட்டை மூடி வைத்துவிட்டு அழுதார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடுங்கள், இது தோல்வி இல்லை என்று நானே சொல்லி, பக்கத்து அரசுப் பள்ளிக்குக் கூடப் போய்ச் சேர்த்துவிட்டு வந்தேன். அந்தப் பிள்ளை அங்கே நன்றாக இருக்கிறாள். அதற்குப் பிறகு, வாரத்தில் எத்தனை மணி நேரம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள் என்று அப்பாவிடம் கேட்டு, அந்த எண்ணை எழுதி வாங்காமல் நான் எந்த வீட்டையும் தொடங்க விடுவதில்லை.

பேரன் இன்று தாவரவியல் இளங்கலை மூன்றாம் வருஷம். இடது கையால்தான் எழுதுகிறான்.

ஜூன் மாதம் நெருங்கும்போது யோசித்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். இப்போதைக்கு எந்தப் பாடத்திட்டத்துக்கும் பணம் கட்டாதீர்கள், மரச்சாமான் வாங்காதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். முப்பது நாள், காலை எழுந்ததிலிருந்து இரவு படுக்கும்வரை, மணிக்கு மணி உங்கள் வீட்டில் யார் இருந்தார்கள், என்ன செய்தார்கள், பிள்ளை எதில் எவ்வளவு நேரம் தானாக உட்கார்ந்தது என்று எழுதுங்கள். அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றி எழுதுங்கள். முப்பதாவது நாள் இருவரும் சேர்ந்து அதை முதல் பக்கத்திலிருந்து வாசித்துவிட்டு, அதற்குப் பிறகு என்னைப் போன்ற யாரையாவது கூப்பிடுங்கள்.